‘லைன்’: ஓர் ஆங்கிலச் சொல்லும் ஓயாத கேள்விகளும்

மதுரை காமராசர் சாலைப் பக்கம் ஒரு மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரங்களில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். தையல்காரர், கட்டட வேலை மேற்பார்வையாளர், மளிகை நிறுவன விற்பனையாளர், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் என்று பலரும் வருகிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு நாள் ‘லைன்’ என்ற சொல் வந்து வழியை மறிக்கும். தெரிந்த சொல்தான், தமிழ் பேசும்போதே நாளைக்குப் பத்து முறை சொல்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் படிக்கும்போது ஒவ்வோர் இடத்திலும் அது வேறு முகம் காட்டுகிறது. கரும்பலகையில் திரும்பத் திரும்ப எழுதிய விடைகளை இங்கே ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறேன்.

லைன் என்றால் கோடு. அதற்கு ஏன் அகராதியில் அத்தனை பொருள் கொடுத்திருக்கிறார்கள்?

கோடு அதன் முதல் பொருளே அல்ல. முதலில் அது நூல். லத்தீன் மொழியில் ஆளிச் செடிக்கு ‘லீனும்’ என்று பெயர். அந்தச் செடியின் நாரைத் திரித்து எடுத்த நூல் ‘லீனியா’. அதுவே பழைய ஆங்கிலத்தில் கயிறு என்ற பொருளில் வழங்கியது. பிறகு பிரெஞ்சு மொழி வழியாக வந்த அதே வேர்ச்சொல்லும் அதனுடன் கலந்துகொண்டது. லினன் துணியும், ஆளி விதைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘லின்சீட்’டும் இதே குடும்பம்தான்.

நூல் எப்படிக் கோடானது என்பதற்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. பழைய தச்சர்கள் கரியோ காவியோ தோய்த்த நூலை மரத்தின் மேல் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார்கள். நூலை எடுத்த பிறகு மரத்தில் நிற்பது கோடு. நூலுக்கு இருந்த பெயர் அது விட்டுச்சென்ற தடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. சாயக்காரர்களும் நெசவாளர்களும் வாழும் ஊரில் இந்தச் சொல்லைக் கோட்டிலிருந்து தொடங்கிக் கற்பிப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. சுங்குடிச் சேலையில் ஒவ்வொரு புள்ளியையும் நூலால் முடிந்து சாயத்தில் தோய்க்கும் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நூல் என்ன செய்யும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாப் பொருளையும் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

மனப்பாடம் செய்யாதீர்கள். லைன் வரும் வாக்கியத்தைப் பார்த்ததும், “இங்கே நூல் என்ன வேலை செய்கிறது?” என்று கேளுங்கள். இழுத்துப் பிடித்த நூல் என்றால் கோடு, எல்லை, திசை. கட்டிய நூல் என்றால் துணி காயப்போடும் கொடி, தூண்டில் நரம்பு, கப்பலில் மாலுமிகள் கையாளும் கயிறு. மணிகளைக் கோத்த நூல் என்றால் வரிசை, மலைத்தொடர், எழுத்துகளின் வரி. இரண்டு இடங்களை இணைக்கும் நூல் என்றால் ரயில் பாதை, தொலைபேசி இணைப்பு, மின்கம்பி. அறுபடாமல் நீளும் நூல் என்றால் வம்சம், மரபு, ஒருவர் செய்துவரும் தொழில், ஒரு சிந்தனையின் போக்கு.

‘எ லைன் ஆஃப் ஹில்ஸ்’ என்று படித்தால் நாகமலையை நினைத்துக்கொள்ளுங்கள். ‘எ லைன் ஆஃப் கிங்ஸ்’ என்றால் பாண்டியர் வழிமுறையை. முதலாவது மலைகள் இடத்தில் தொடர்வது, இரண்டாவது அரசர்கள் காலத்தில் தொடர்வது; நூல் ஒன்றுதான்.

ரவிக்கைக்கு வைக்கும் லைனிங் துணிக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியைக் கேட்டவர் புது மண்டபத்தில் தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிய காலத்திலேயே தொழில் கற்றவர். மேல் துணி எதுவானாலும் உள்ளே லினன் துணியை வைத்துத் தைப்பது ஐரோப்பாவில் வழக்கமாக இருந்தது. அதனால் ‘உள்ளே லினன் வைத்தல்’ என்பதே லைன் என்ற வினைச்சொல் ஆயிற்று. இப்போது உள்ளே பருத்தி வைத்தாலும் பட்டு வைத்தாலும் அது லைனிங்தான். வயிற்றின் உட்சுவரைக்கூட ஆங்கில மருத்துவ நூல்கள் ‘லைனிங்’ என்றே சொல்கின்றன. ஒருவர் முறைகேடாகப் பணம் சேர்த்தால் ‘தன் சட்டைப்பைக்கு லைனிங் போட்டுக்கொண்டார்’ என்பார்கள். பையின் உட்புறம் முழுக்கப் பணம் என்று பொருள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘பீப்பிள் லைன்டு தி ஸ்ட்ரீட்ஸ்’ என்ற வாக்கியத்தில் இருப்பது வேறு லைன். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும்போது இரு பக்கமும் மக்கள் அணிவகுத்து நிற்கிறார்களே, அதைச் சொல்வது அது. உள்ளே துணி வைப்பதற்கும் ஓரம் முழுக்க நிற்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல். உடையைச் சொல்கிறதா, தெருவைச் சொல்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

தையல்காரருக்கு இன்னொரு செய்தி. சட்டைப் பொத்தான் பெட்டியில் ‘18எல்’, ‘24எல்’ என்று போட்டிருப்பதும் இந்தச் சொல்தான். பொத்தான் அளவில் 40 லைன் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆகவே 18 லைன் பொத்தானின் குறுக்களவு சுமார் 11.4 மில்லிமீட்டர்.

நம் ஊரில் மேஸ்திரிகள் ‘மூன்று நூல் கம்பி’ என்கிறார்கள். அதுவும் இதுபோன்றதுதானா?

இந்தக் கேள்வி வந்த அன்று பாடம் முழுக்க இதிலேயே போய்விட்டது, எனக்கு வருத்தமில்லை. நம் கட்டட வேலையில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று நூல் கம்பி என்றால் எட்டில் மூன்று அங்குலம். இன்று கடையில் 10 மில்லிமீட்டர் கம்பியாகக் கிடைக்கிறது. நான்கு நூல் என்றால் அரை அங்குலம், 12 மில்லிமீட்டர் கம்பி. பழைய ஆங்கில அளவு முறையிலும் ‘லைன்’ என்று ஓர் அளவு இருந்தது. அது அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒன்றை ஒன்று பார்த்து எழுதிய முறைகள் அல்ல இவை. மிகச் சிறிய கனத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் இரண்டு மொழிக்காரர்களும் கையிலிருந்த நூலையே காட்டியிருக்கிறார்கள்.

இதோடும் நிற்கவில்லை. நேராக இருப்பதை நாம் ‘நூல் பிடித்தாற்போல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘இன் எ ஸ்ட்ரெயிட் லைன்’. சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குநூல் அங்கே ‘பிளம்ப் லைன்’. ‘பிளம்ப்’ என்பது ஈயக் குண்டு. புத்தகத்துக்கும் நாம் நூல் என்றுதான் பெயர் வைத்தோம். மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சனுக்கு நூல் உதவுவதுபோல, மனிதர் மனத்தின் கோணலைத் தீர்க்கப் புத்தகமாகிய நூல் உதவுகிறது என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லிவைத்தார். இழையிலிருந்து எழுத்து வரைக்கும் லைன் நடந்த அதே வழியை நம் ‘நூல்’ தன் போக்கில் நடந்திருக்கிறது. தமிழ் அறிந்தவருக்கு இந்த ஆங்கிலச் சொல் கடினமானது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

லைன், ரோ, க்யூ மூன்றும் வரிசைதானே?

தமிழில் மூன்றுக்கும் வரிசை என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ‘ரோ’: திரையரங்க நாற்காலிகள், வாய்ப்பாட்டில் எண்கள், வயலில் நாற்றுகள். ஒருவர் பின் ஒருவராக இருந்தால் ‘லைன்’. முறை வருவதற்காகக் காத்திருந்தால் ‘க்யூ’. ரேஷன் கடையில் நிற்பது க்யூ. அமெரிக்கர்கள் அதையும் ‘ஸ்டாண்டிங் இன் லைன்’ என்பார்கள். நியூயார்க் நகரத்தவர் மட்டும் ‘ஆன் லைன்’ என்பதுண்டு. இணையத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. இந்திய ஆங்கிலத்தில் க்யூ என்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் புரியும்.

எறும்புகள் போவதற்கு ஆங்கிலத்தில் ‘எ லைன் ஆஃப் ஆண்ட்ஸ்’. அதை மொழிபெயர்க்கும்போது ‘எறும்பு வரிசை’ என்று எழுதி வருகிறார்கள். சாரை என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்?

தொலைபேசியில் ‘லைனில் இருங்கள்’ என்கிறோம். ஆங்கிலத்தில் எப்படி?

‘ஹோல்ட் தி லைன்’ அல்லது வெறும் ‘ஹோல்ட் ஆன்’. பேச்சு பாதியில் நின்றால் ‘லைன் கட்’ என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் இல்லை. ‘வீ காட் கட் ஆஃப்’ அல்லது ‘தி லைன் வென்ட் டெட்’ என்பதுதான் வழக்கு. ‘டிராப் மீ எ லைன்’ என்று யாராவது எழுதினால் தொலைபேசியைத் தேடாதீர்கள். இரண்டு வரி எழுதிப் போடுங்கள் என்கிறார்.

ரிசர்வ் லைன் என்று பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே எந்தக் கோடு?

ஆங்கிலேயப் படைகளில் கூடாரங்களையும் குடிசைகளையும் குதிரைகளையும் நேர் வரிசையாக நிறுத்துவார்கள். அந்த வரிசைகளுக்கு ‘லைன்ஸ்’ என்று பெயர். பிறகு படையினரும் காவலரும் குடியிருக்கும் இடத்துக்கே அந்தப் பெயர் நிலைத்தது. ஆயுதப்படைக் காவலர் குடியிருப்பை ஒட்டி வழங்கும் பெயர் ரிசர்வ் லைன். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘லைன்ஸ்’ என்று பன்மையில் எழுதுவது முறை. வட இந்திய நகரங்களின் ‘சிவில் லைன்ஸ்’ இதற்கு உறவு.

இதே சொல் கடலையும் தாண்டியது. மதுரை, இராமநாதபுரம், திருச்சி வட்டாரங்களிலிருந்து மண்டபம் முகாம் வழியாக இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களை, ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த சிறிய அறைகளில் குடிவைத்தார்கள். தோட்ட நிர்வாகம் அவற்றை ‘லைன்ஸ்’ என்றது. மக்கள் வாயில் அது லயன் ஆனது, லயம் ஆனது. மலையகத் தமிழ் எழுத்தில் ‘லயன் காம்பரா’ என்று படிக்கும்போது சிங்கத்தையோ தாளத்தையோ நினைத்துவிட வேண்டாம். தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் பிறந்து வாழ்ந்து மறைந்த அறை அது. லைன் என்ற சொல்லின் எல்லாப் பொருளிலும் என் மனத்தை மிகவும் கனக்கச் செய்வது இதுதான்.

ரயில்வேயில் மெயின் லைன், கார்டு லைன் என்கிறார்கள். லைனும் டிராக்கும் ஒன்றா?

டிராக் என்பது தரையில் கிடக்கும் தண்டவாளம். லைன் என்பது ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைக்கும் வழி முழுவதும். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்றும் வேலை நடந்தபோது பல ஆண்டுகள் அங்கே ரயில் ஓடவில்லை. 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘தி லைன் ரீஓப்பன்ட்’ என்றுதான் எழுத வேண்டும், ‘தி டிராக்’ என்று அல்ல.

கார்டு லைன் என்பதில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று வளைந்து போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாக நறுக்கென்று போவது கார்டு லைன். வைகை எக்ஸ்பிரஸ் போவது இதில்தான். ‘கார்டு’ என்றால் வட்டத்தின் இரு புள்ளிகளை நேராக இணைக்கும் கோடு. பள்ளிக் கணக்கில் அதற்கு நாண் என்று படித்திருப்பீர்கள்: வில்லின் நாண். ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேருக்கும் நரம்புக் கயிறு என்றுதான் பொருள்.

நான் விற்பனையாளர். ‘இன்று தேனி லைன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கீழமாசி வீதி மொத்த வியாபாரிகளிடம் வேலை செய்கிறவர்கள் கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போகும் வழியை லைன் என்பார்கள். வாரத்தில் ஒரு நாள் உசிலம்பட்டி லைன், ஒரு நாள் மேலூர் லைன். வட்டிப் பணம் வசூலிக்கப் போகிறவர்களும் அப்படியே. ஆனால் ஆங்கிலத்தில் ‘டுடே ஐ ஆம் ஆன் தேனி லைன்’ என்றால் கேட்பவர், நீங்கள் ரயில்வேயில் வேலை பார்க்கிறீர்கள் என்று நினைப்பார். ‘ரூட்’ அல்லது ‘ரவுண்ட்’ என்று சொல்லுங்கள். நேர்முகத் தேர்வில் ‘வாட் லைன் ஆஃப் வொர்க் ஆர் யூ இன்’ என்று கேட்டால் வழியைச் சொல்லாமல் தொழிலைச் சொல்ல வேண்டும்.

டெட்லைன் என்பதில் ‘டெட்’ எதற்கு?

உண்மையிலேயே உயிர் போகும் கோடாக அது இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில், மதிலுக்கு உட்புறமாக ஒரு எல்லை குறித்திருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அந்த எல்லைக்கு டெட்லைன் என்று பெயர்; 1864-ஆம் ஆண்டின் செய்தி இது. பிற்பாடு செய்தித்தாள் அலுவலகங்களில், குறித்த நேரத்துக்குப் பின் வரும் செய்தி அச்சேறாது என்ற பொருளில் அது வழங்கத் தொடங்கியது. நாம் ‘கெடு’ என்கிறோம். சிறிய, கூர்மையான சொல். ‘இறுதிக் காலக்கெடு’ என்று நீட்ட வேண்டாம்.

கவிதையில் லைன் என்றால் வரியா, அடியா?

பேச்சில் வரி. இலக்கணத்தில் அடி. குறள் இரண்டு அடி. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில யாப்பில் ‘ஃபுட்’ என்று ஒன்று உண்டு. பாதம் என்றுதானே பொருள் என்று அதை ‘அடி’ என மொழிபெயர்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். அவர்களுடைய ‘ஃபுட்’ நம்முடைய சீருக்கு ஒப்பானது; அவர்களுடைய ‘லைன்’ நம்முடைய அடிக்கு ஒப்பானது. முதுகலை மாணவர்கள்கூட இதில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நாடகத்தில் ‘லேர்ன் யுவர் லைன்ஸ்’ என்றால் வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். சினிமாக்காரர்கள் ‘ஒன்லைன்’ என்று கதைச் சுருக்கத்தைச் சொல்வது நம் ஊர் வழக்கம்; ஆங்கிலத்தில் ‘ஒன்-லைனர்’ என்றால் ஒரே வரியில் சொல்லும் சுருக்கான நகைச்சுவை.

மரபுத்தொடர்களில் எவற்றை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்?

‘டோ தி லைன்’ முதலில். ஓட்டத்துக்கோ அணிவகுப்புக்கோ நிற்கும்போது கால்விரல் நுனி கோட்டைத் தொடும்படி நிற்பது; அதிலிருந்து, கட்சியோ நிறுவனமோ சொன்னபடி நடப்பது. இங்கே ‘டோ’ என்பது கால்விரல். வண்டியைக் கட்டி இழுப்பதற்கான ‘டோ’ என்று நினைத்து எழுத்தை மாற்றி எழுதுகிறவர்கள் ஆங்கிலேயரிலும் நிறையப் பேர்.

‘டிரா தி லைன்’ என்றால் இதற்கு மேல் போகமாட்டேன் என்று நிற்பது. லட்சுமணன் கோடு என்று நாம் சொல்வதை இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. ‘ரீட் பிட்வீன் தி லைன்ஸ்’ என்றால் எழுதாமல் விட்டதை உணர்ந்துகொள்வது. ‘பாட்டம் லைன்’ கணக்குப் புத்தகத்தின் கடைசி வரி. அங்கேதான் நிகர லாபமோ நட்டமோ தெரியும். ‘புட் ஆன் தி லைன்’ என்றால் பணயம் வைப்பது. மற்றவை படிக்கப் படிக்கத் தானாக வரும்.

கிரிக்கெட்டில் லைன் அண்ட் லென்த்?

பந்து எந்தத் திசையில், ஸ்டம்பை நோக்கியா விலகியா வருகிறது என்பது லைன். எவ்வளவு தூரத்தில் தரையில் படுகிறது என்பது லென்த்.

தமிழில் எழுதும்போது லைனை எப்படி மொழிபெயர்ப்பது?

வறுமைக் கோடு, கட்டுப்பாட்டுக் கோடு இரண்டும் நிலைத்துவிட்டன, நல்ல சொற்கள். பூமத்திய ரேகை, கைரேகை இரண்டிலும் ‘ரேகை’ நிலைத்துவிட்டது. அவற்றைத் தொடாதீர்கள். ஆனால் எல்லா இடத்திலும் கோடு போடுவது சோம்பல். ‘இன் லைன் வித் தி ரூல்ஸ்’ என்பதை ‘விதிகளின் கோட்டில்’ என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். ‘விதிகளுக்கு ஏற்ப’ என்றால் முடிந்தது. ‘லைன் ஆஃப் திங்கிங்’ சிந்தனைப் போக்கு. முகத்தில் உள்ள ‘லைன்ஸ்’ சுருக்கங்கள். ‘வரி’ என்று எழுதும்போது அரசு விதிக்கும் வரியோடு குழம்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ‘புதிய வரிகள்’ என்ற தலைப்பைப் பார்த்துக் கவிதை என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தவர் என் வகுப்பில் இருக்கிறார்.

லைன்மேன், பைப்லைன், ஆன்லைன் போன்றவற்றைப் பேச்சில் அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. எழுத்தில் ‘இணையவழி’ இயல்பாக வந்துவிட்டது, அதையே எழுதுங்கள்.

குழந்தைக்கு ஆங்கில எழுத்து பழக வாங்கும் நான்கு கோடு நோட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்?

நம் கடைகளில் ‘ஃபோர் ரூல்டு’ நோட்டு என்றே கேளுங்கள். கோடு போட்ட தாள் ‘ரூல்டு பேப்பர்’, ‘லைன்டு பேப்பர்’ இரண்டும் சரி. உள்ளே துணி வைத்ததா என்று இந்த இடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.